நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தம்பி கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது அது கைக்குள்ளேயே உடைந்து மணிக்கட்டில் ஆழமாகக் கிழித்துவிட்டது. முதலில் எல்லாருக்கும் ரத்தத்தைப் பார்த்துத்தான் பயம். ரத்தம் நின்ற பிறகு அவன் மெதுவாகச் சொன்னான், "அண்ணே, கட்டைவிரல் என்னோடது மாதிரியே இல்ல." ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அப்படித்தான். ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. சுண்டுவிரல் மட்டும் எதுவுமே நடக்காதது போல இருந்தது.

மறுநாள் அறுவை சிகிச்சை. அறுந்த நரம்பின் இரண்டு முனைகளையும் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்கள். டாக்டர் வெளியே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "தச்சாச்சுல்ல சார், எப்போ உணர்ச்சி வரும்?"

"வயரை ஜாயின்ட் பண்ற மாதிரி இல்ல சார் இது. தச்ச இடத்துக்குக் கீழ இருக்கறதெல்லாம் செத்துப் போயிடும். மேலேருந்து புதுசா வளர்ந்து வரணும். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு வச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து ஸ்கேலை எடுத்து அளந்தேன். தையலிலிருந்து நடுவிரல் நுனிவரை 17 சென்டிமீட்டர் சொச்சம். அதாவது 170 நாள். வளர்ச்சி ஆரம்பிக்கவே சில வாரம் ஆகுமாம், அது தனி. மென்பொருள் ஆசாமி வேறென்ன செய்வான், எக்செல் ஷீட் போட்டேன்.

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. தோலைத் தைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஆறுகிறது. எலும்பும் அப்படியே. உள்ளங்கைக்கு ரத்தம் போகிறது, சதை உயிரோடு இருக்கிறது, நகம் வளர்கிறது. நரம்பின் கீழ்த்துண்டு மட்டும் ஏன் சாக வேண்டும்? இதற்குப் பதில் தேடிப் போனபோது, 19ஆம் நூற்றாண்டின் ஒரு பெரிய சண்டைக்குள் போய் விழுந்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் இன்றைக்கு நமக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி என்று வெளியே கிளம்பி உடம்பெல்லாம் ஓடுபவை புற நரம்புகள். நாம் நரம்பு என்று சொல்லுவது ஒற்றை நூல் அல்ல, கேபிள் மாதிரி ஒரு கட்டு. தம்பிக்கு அறுந்த நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள். அந்த ஒவ்வொரு இழையும் எங்கோ இருக்கிற ஒரு நியூரானின் வால். ஆக்சான் என்பது அதன் பெயர். நடுவிரல் நுனியில் தொடு உணர்ச்சியை வாங்குகிற இழைக்கு உரிய செல் விரலில் இல்லை. கையிலும் இல்லை. கழுத்தில், தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது! ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கும் அந்தச் செல்லை ஒரு சுண்டைக்காய் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் வால் நூற்றைம்பது மீட்டருக்கு நீளும். ஒரு சுண்டைக்காயிலிருந்து கிளம்பி தெருக்கோடிவரை போகிற நூல்.

அப்படியானால் மணிக்கட்டில் வெட்டினால் என்ன ஆகும் என்பதும் புரிகிறது. கழுத்தில் இருக்கிற செல்லுக்கு வால் பாதியில் போய்விட்டது. அறுந்து விழுந்த பாதிக்கோ இனி சோறு போட ஆளில்லை.

இது பள்ளிப் பாடம்தான். ஆனால் 150 வருஷத்துக்கு முன்னால் இதில் ஒரு வரியைக்கூட யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

1837இல் பிராக் நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் யான் புர்கின்யே என்ற செக் விஞ்ஞானி, சிறுமூளையில் குடுவை வடிவத்தில் பெரிய பெரிய செல்கள் வரிசையாக நிற்பதைக் காட்டினார். அடுத்த இரண்டு வருஷத்தில் ஷ்லைடன், ஷ்வான் இருவரும் தாவரம், விலங்கு எல்லாமே செல்களால் ஆனவை என்றார்கள். தோல், ஈரல், தசை என்று ஒவ்வொன்றாக அந்த விதிக்குள் வந்தன. நரம்புத் திசு மட்டும் அடம் பிடித்தது. உருண்டையான உடல்கள் தெரிகின்றன, நீளமான இழைகளும் தெரிகின்றன. எது எதோடு சேர்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. மூளை கிட்டத்தட்ட கெட்டித் தயிர் மாதிரி. அதை ரசாயனத்தில் ஊறவைத்து இறுக்கி, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றினால் எல்லாமே ஒரே நிறமாகிவிடும். நூற்கண்டுகள் சிக்கிக் கிடக்கிற கூடையை ஒரே சிவப்பு மையில் முக்கி எடுத்து, எந்த நூல் எங்கே முடிகிறது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

ஓட்டோ டைட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் வேறு வழி பார்த்தார். மைக்ரோஸ்கோப்பின் அடியில் மெல்லிய ஊசிகளைக் கொண்டு ஒவ்வொரு செல்லாகக் கையாலேயே பிரித்து எடுத்தார். நினைத்தாலே கண் வலிக்கிறது. செல்லிலிருந்து கிளை கிளையாகப் பிரிகிற வால்கள் பல, பிரியாமல் நீண்டு போகிற வால் ஒன்றே ஒன்று என்று கண்டுபிடித்தவர் அவர்தான். இன்று முதல் வகையை டென்டிரைட் என்கிறோம், இரண்டாவதை ஆக்சான் என்கிறோம். 1863இல், 29 வயதில் டைஃபஸ் காய்ச்சலில் செத்துப்போனார். புத்தகம் 1865இல்தான் வந்தது.

ஆனால் அந்த வால்கள் போய் எங்கே முடிகின்றன? 1870களின் தொடக்கத்தில் ஜோசஃப் கெர்லாக், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, முடிவே இல்லாத ஒரு வலையாகிவிடுகிறது என்றார். அன்றைய பெரிய தலைகள் பலருக்கும் இதுவே கருத்து. நரம்பு மண்டலத்தில் தனித்தனி செல் என்று எதுவும் கிடையாது, மொத்தமும் ஒரே பின்னல்.

இந்த இடத்தில் கமில்லோ கோல்ஜி வருகிறார். பள்ளிப் புத்தகத்தில் கோல்கை உறுப்பு என்று படித்தோமே, அதே ஆள்தான். 1872இல், அப்பா நச்சரித்ததால் நிரந்தரச் சம்பளத்துக்காக, மிலன் பக்கத்தில் அப்பியாத்தேகிராஸ்ஸோ என்ற சின்ன ஊரில் தீராத நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வகம் கிடையாது. ஆஸ்பத்திரி சமையலறையையே ஆய்வகமாக்கிக்கொண்டார். மூளைத் துண்டை முதலில் பொட்டாசியம் டைகுரோமேட்டில் பல நாள் ஊறவைத்து, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட்டார். 1873இல் அவர் எழுதியது இதுதான்: மஞ்சள் பின்னணியில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் மட்டும், உடலிலிருந்து கடைசிக் கிளைவரை மைக்கறுப்பில் தெரிகின்றன.

நூற்றுக்குச் சில செல்தான் கறுக்கும். மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி மறைந்துவிடும். ஏன் அந்தச் சில மட்டும் என்பதற்கு இன்றுவரை முழுமையான விளக்கம் இல்லை. ஆனால் கூடைக்குள் இருக்கிற நூலில் ஒன்றை மட்டும் கறுப்பாக்க முடிந்தால் போதுமே!

போதவில்லை. அங்கேதான் கதை சுவாரசியமாகிறது. இவ்வளவு தெளிவான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கோல்ஜி அதிலும் வலையைத்தான் பார்த்தார். டென்டிரைட்டுகள் தனித்தனியாக முடிகின்றன என்பதைச் சரியாகவே பார்த்தார், கெர்லாக்கின் வலையில் பாதியை அறுத்தவரே அவர்தான். ஆனால் டென்டிரைட்டெல்லாம் சத்து உறிஞ்சுகிற வேர் என்று ஒதுக்கிவிட்டு, ஆக்சான்களின் கிளைகள் ஒன்றாகக் கலந்து ஒரு பெரிய வலையாகின்றன, மூளை வேலை செய்வதே அந்த வலையால்தான் என்றார்.

அவரை முட்டாள் என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பெரும்பாலும் பார்த்தது வளர்ந்த விலங்குகளின் திசு. வளர்ந்த ஆக்சானின் மேல் மையலின் என்ற கொழுப்பு உறை ஏறியிருக்கும். உறைக்குள் வெள்ளி போகாது. கறுப்புக் கோடு உறை ஆரம்பிக்கிற இடத்தில் மங்கிவிடும். மிச்சத்தை மனசுதான் போட்டு முடிக்க வேண்டும். மூளையின் இந்த மூலை இந்த வேலைக்கு என்று பாகம் பிரிக்கிற கொள்கையும் அவருக்குப் பிடிக்காது. மூளை முழுதாகத்தான் இயங்குகிறது என்று நம்பியவர். நம்பிக்கைக்கு வலை பொருந்தியது.

14 வருஷம் கழித்து, 1887இல், மாட்ரிட்டில் லூயிஸ் சிமாரோ என்ற மருத்துவர் வீட்டில் இந்தக் கறுப்புச் சாயத்தை முதன்முதலாகப் பார்த்தார் ஒரு ஸ்பானியர். சாந்தியாகோ ரமோன் இ கஹால். சின்ன வயதில் ஓவியன் ஆக ஆசை. அப்பா விடவில்லை, உடற்கூறு சொல்லித்தருவதற்காக மகனை இடுகாட்டுக்குக் கூட்டிப் போய் எலும்பு பொறுக்க வைத்த அப்பா. பதினோரு வயதில் சொந்தமாகப் பீரங்கி செய்து பக்கத்து வீட்டுக் கதவைத் தகர்த்துச் சில நாள் சிறையில் இருந்திருக்கிறான் பையன். பிறகு ராணுவ டாக்டராகக் கியூபா போய் மலேரியாவோடு திரும்பினார். 1885இல் காலரா ஆய்வு செய்ததற்கு நன்றியாக சரகோசா மாகாண நிர்வாகம் நல்ல ஜெய்ஸ் மைக்ரோஸ்கோப் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. என் கணக்கில் அரசாங்கம் கொடுத்த பரிசுகளிலேயே உருப்படியானது அதுதான்!

கஹால் சாயத்தை இரண்டு தடவை ஏற்றினார், அது ஒரு முன்னேற்றம். ஆனால் அசல் புத்திசாலித்தனம் எதைச் சாயமேற்றுவது என்பதில்தான். வளர்ந்து அடர்ந்த காட்டுக்குள் போய் மரத்தைத் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லையா, நாற்றங்காலிலேயே பார்த்துவிடலாமே என்று யோசித்தார். இது அவரே சொன்ன உவமைதான். மையலின் ஏறாத கருக்களையும் குஞ்சுகளையும் எடுத்தார். கோடு பாதியில் மங்கவில்லை, கடைசிவரை போனது. பறவைகளின் சிறுமூளையில், புர்கின்யே 1837இல் காட்டிய அதே குடுவைச் செல்களைச் சுற்றி, வேறு செல்களின் ஆக்சான்கள் கூடை முடைந்தது போலச் சுற்றிக்கொண்டு, அங்கேயே முடிந்தன. ஒட்டவில்லை. கலக்கவில்லை. முடிந்தன.

அது 1888. கட்டுரையைப் போட ஆளில்லாததால் சொந்தக் காசில் சொந்தப் பத்திரிகையே ஆரம்பித்தார். அச்சடித்தது 60 பிரதி. ஸ்பானிஷ் மொழியில் வந்ததால் யாரும் சீண்டவில்லை. 1889 அக்டோபரில், தன் மைக்ரோஸ்கோப்பையும் ஸ்லைடுகளையும் தூக்கிக்கொண்டு பெர்லினில் நடந்த உடற்கூறு அறிஞர்கள் மாநாட்டுக்குப் போனார். தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில், 72 வயது கோலிக்கர் என்ற ஜாம்பவானைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்து பார்க்க வைத்தார். அதுவரை வலைக்கட்சியில் இருந்த கோலிக்கர் கட்சி மாறினார். இவர் எழுதியதைப் படிப்பதற்காகவே அந்த வயதில் ஸ்பானிஷ் கற்றார். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குக் கோலிக்கரைப் பிடிக்கும்.

கஹால் தனி ஆள் இல்லை. கரு வளர்ச்சியைப் பார்த்து வில்ஹெல்ம் ஹிஸ், நரம்பு சிதைவதைப் பார்த்து ஆகஸ்ட் ஃபோரெல் இருவரும் 1887 வாக்கிலேயே இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். நார்வேயில் ஃபிரிட்யோஃப் நான்சென் என்ற இளைஞர் 1887இல் வலையை மறுத்து ஆய்வேடு எழுதிவிட்டு, அடுத்த வருஷம் பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு கிரீன்லாந்தைக் கடக்கக் கிளம்பிவிட்டார். ஆமாம், பிற்பாடு 1922இல் அமைதிக்கான நோபல் வாங்கிய அதே நான்சென். 1891இல் வால்டெயர் இதையெல்லாம் தொகுத்து எழுதி, செல்லுக்கு நியூரான் என்று பெயர் வைத்தார். அவர் இதில் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் பெயர் வைத்தவர் பேர்தான் நிலைத்தது. நம் ஆபீஸ்களிலும் பிரசென்டேஷன் போட்டவன் பேர்தானே நிற்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு நியூரான்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைக் கஹால் பார்த்தாரா? இல்லை. பார்த்திருக்கவே முடியாது. ஒளி மைக்ரோஸ்கோப்பால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க இயலாது. இடைவெளியோ 20 நானோமீட்டர் சொச்சம்தான். ஒரே சாயம், ஒரே மாதிரி ஸ்லைடு, இரண்டு பேராலும் பார்க்க முடியாத ஒரு பிளவு. ஒருத்தர் இருக்கிறது என்றார், ஒருத்தர் இல்லை என்றார். 1897இல் ஷெரிங்டன் அந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர் வைத்தபோதும் யாரும் அதைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை.

அதனால் சண்டை ஓயவில்லை. 1900 வாக்கில் வலைக்கட்சி மறுபடி தலையெடுத்தது. இப்போது நடந்தது வெட்டுப்பட்ட நரம்பை வைத்து. என் தம்பியின் மணிக்கட்டில் நான் கேட்ட அதே கேள்வி!

1850லேயே அகஸ்டஸ் வாலர் லண்டனில் தவளையின் நாக்குக்குப் போகிற நரம்பை வெட்டிப் பார்த்து, செல்லிலிருந்து பிரிந்த துண்டு சிதைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். கேள்வி அதற்குப் பிறகு வருவது: திரும்ப வளர்கிற இழை எங்கிருந்து வருகிறது? ஆல்பிரெக்ட் பேத்தே போன்றவர்கள், கீழ்த்துண்டில் இருக்கிற ஷ்வான் செல்களே சங்கிலியாகக் கோத்து, தாமாகவே புது இழையாகிவிடுகின்றன, மேல்துண்டு தேவையே இல்லை என்றார்கள். அது உண்மையானால் நியூரான் கொள்கை காலி. ஒரு ஆக்சான் ஒரு செல்லின் வால் என்பதே பொய்யாகிவிடும்.

கஹால் 1903இல் கண்டுபிடித்திருந்த புது வெள்ளிச் சாயத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். இளம் விலங்குகளின் நரம்பை வெட்டி, நாட்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். மேல்முனையிலிருந்து இழைகள் முளைத்து, தழும்பைத் துளைத்துக்கொண்டு, கீழ்த்துண்டுக்குள் நுழைவதைக் கட்டம் கட்டமாக வரைந்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மொட்டு. 1890இல் கோழிக் கருவில் பார்த்து வளர்ச்சிக் கூம்பு என்று தானே பெயர் வைத்திருந்த அதே மொட்டு. சில இழைகள் வழி தவறிச் சுருண்டன, சில வந்த வழியே திரும்பின. ஷ்வான் செல்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. அவை சாகாமல் இருந்து, குப்பையைச் சுத்தம் செய்ய உதவி, வரிசையாக நின்று பாதை போட்டுத் தருகின்றன. ஆனால் பாதை வேறு, அதில் நடக்கிறவன் வேறு. 1913-14இல் இரண்டு பெரிய தொகுதிகளாக இதை வெளியிட்டார். மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த முளைத்தல் தொடங்கி அப்படியே நின்றுவிடுகிறது என்பதும் அதில் இருக்கிறது. அந்தச் சோகத்துக்கு இன்னும் மருந்து வரவில்லை.

இதற்கு நடுவில் 1906இல் கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்து நோபல் பரிசைக் கொடுத்தார்கள். கஷ்டம்தான். டிசம்பர் 11ஆம் தேதி கோல்ஜி பேசினார். நியூரான் கொள்கையைப் பற்றியே பேசினார், அது மதிப்பிழந்துகொண்டிருக்கிறது என்று ஆரம்பித்தார். 33 வருஷம் கழித்தும் அதே வலை. மறுநாள் கஹால் பேசினார்.

கோல்ஜியைத் திட்டிவிட்டுக் கஹாலைக் கும்பிடலாம் என்றால், அதற்கும் வழியில்லை. நியூரான் தவிர நரம்பு மண்டலத்தில் கிளையா என்ற துணைச் செல்கள் உண்டு. 1856இல் விர்ஹோ வைத்த பெயர், அர்த்தம் வெறும் பசை. கஹால் தன் தங்கச் சாயத்தால் பார்த்து, இவற்றில் ஒரு வகைக்கு வால்களே கிடையாது என்று நினைத்து, மூன்றாம் கூறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவைத்தார். அவருடைய ஆய்வகத்தில் இருந்த பியோ தெல் ரியோ ஒர்தேகா, வேறொரு வெள்ளிச் சாயத்தால் அதே செல்களுக்கு வால்கள் இருப்பதைக் காட்டினார். அது ஒரு வகை அல்ல, இரண்டு வகை. மூளையின் துப்புரவுப் பணி பார்க்கிற மைக்ரோகிளியா, மையலின் போடுகிற ஒலிகோடென்ட்ரோசைட். கஹாலின் சாயத்தில் அந்த வால்கள் தெரியவில்லை, அதனால் அவர் எளிதில் ஏற்கவில்லை. ஆய்வகத்தில் கோள் மூட்டுதலும் சேர்ந்துகொள்ள, 1920இல் ஒர்தேகாவை வெளியே அனுப்பிவிட்டார். உள்நாட்டுப் போரில் நாட்டைவிட்டே போன ஒர்தேகா 1945இல் புவனோஸ் ஐரிஸில் இறந்தார். தன் சாயத்தில் தெரிவது மட்டுமே இருக்கிறது என்று கோல்ஜி நம்பினால் பிடிவாதம் என்கிறோம். கஹாலுக்கு என்ன பெயர் வைப்பது?

கோல்ஜி 1926இல், கஹால் 1934இல் காலமானார்கள். 1950களின் நடுவில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்து, பலாடி, பேலே போன்றவர்கள் இடைவெளியைப் படம் பிடித்துக் காட்டினார்கள். பிளவு இருந்தது. அதோடு முடியவில்லை. சில வருஷத்திலேயே, நன்னீர் இறால் வகை ஒன்றில், இடைவெளியில் ரசாயனம் எதுவும் இல்லாமல் மின்சாரமே நேரடியாகத் தாண்டுகிற சந்திப்புகளை ஃபர்ஷ்பானும் பாட்டரும் கண்டார்கள். இரண்டு செல்களின் உட்புறமும் நுண்குழாய்களால் இணைந்த சந்திப்பு அது. நம் மூளையிலும் ஆங்காங்கே உண்டு. கோல்ஜி இருந்திருந்தால் ஒரு கடிதமாவது எழுதியிருப்பார்.

தம்பி கதைக்கு வருகிறேன். டாக்டர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருந்தார். தையலிலிருந்து கீழே நோக்கி விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் தட்டினால் விரல் நுனியில் சுரீர் என்கிறதோ, வளர்கிற முனைகள் அதுவரை வந்துவிட்டன என்று அர்த்தம். 1915இல், முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்து, பிரான்ஸில் டினெல், ஜெர்மனியில் ஹாஃப்மன் இரண்டு பேரும் தனித்தனியாக எழுதியது இது. எதிரெதிர் அணி, ஒரே வருஷம்.

ஞாயிறுதோறும் அம்மாதான் தட்டுவாள். சுரீர் என்ற இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போடுவாள். இரண்டு மாதம் கோடு உள்ளங்கையிலேயே கிடந்தது, நான் ஷீட்டைத் திறப்பதையே விட்டுவிட்டேன். பிறகு நகர ஆரம்பித்தது. எட்டாவது மாதம் காபி டம்ளரைப் பிடித்தவன் "சுடுது" என்றான். அம்மா அழுதுவிட்டாள்.

இப்போது கை நன்றாக வேலை செய்கிறது. சட்டைப் பொத்தான் போடுகிறான், டைப் அடிக்கிறான். ஆனால் கண்ணை மூடச் சொல்லிவிட்டு நடுவிரலின் ஒரு பக்கத்தைத் தொட்டால், ஆள்காட்டி விரலைத் தொடுகிறீர்கள் என்று சத்தியம் பண்ணுவான். சில இழைகள் வேறு பாதையில் புகுந்துவிட்டன. கழுத்தில் இருக்கிற அந்தச் செல்களுக்கு அது இன்னும் பழைய விரல்தான். என் மகளுக்கு இது ஒரு விளையாட்டு. லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக, "சித்தப்பா, கண்ணை மூடு" என்று ஆரம்பித்துவிடுவாள்.